வீட்டை விற்று வீடு வாங்குதல்: சரிந்த சந்தையும் சரியான முடிவும்

நெல்லியடிச் சந்தியில் நின்று நாற்புறமும் நோக்குபவருக்கு, இது வடமராட்சியின் வணிக நகரம் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வங்கிகள், நகைக்கடைகள், புடைவைக் கடைகள், தனியார் கல்வி நிலையங்கள் என்று வீதியின் இருமருங்கும் நிறைந்து கிடக்கின்றன. பருத்தித்துறை வீதியை முகப்பாகக் கொண்ட ஒரு பரப்புக் காணிக்குக் கேட்கப்படும் விலை, உள்ளூரில் மாதச் சம்பளம் பெறும் ஒருவரைத் திகைக்க வைக்கும். ஆனால், அதே வீதியிலிருந்து கரவெட்டிப் பக்கமாக இரண்டு ஒழுங்கைகள் உள்ளே சென்றால் விலை வேறு, வாங்குவோர் வேறு, அங்கு வாழ்வோரின் கவலைகளும் வேறு.

அத்தகைய ஒழுங்கையொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் அரச ஊழியர்கள். மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த இரண்டு பரப்புக் காணியில் இரண்டு அறைகளைக் கொண்ட ஒரு கல்வீடு. பிள்ளைகள் மூவரும் வளர்ந்துவிட்டார்கள். வயதான தாயாரும் உடன் இருக்கிறார். வீடு போதவில்லை. சந்தைக்கு அண்மையில் நான்கு அறைகளுடன் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. காணி, வீடுகளுக்கான கேள்வி குறைந்திருக்கும் காலமாதலால் அதன் உரிமையாளரும் விலையில் இறங்கி வருகிறார். ஆனால், தமது வீட்டை விற்பதானால் அதற்கும் நல்ல விலை இல்லை. இப்பொழுது விற்று மாறுவதா, சந்தை நிமிரும்வரை பொறுத்திருப்பதா?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், வடக்கில் மட்டுமன்றி, இலங்கையின் பல பாகங்களிலும் இதே கேள்வி எழுந்தது. வீடு என்பது எமது மக்களுக்கு வெறும் முதலீடன்று. தமிழராயினும் முஸ்லிம்களாயினும், இந்த மண்ணில் வீட்டை இழந்தவர்களும், வீட்டைவிட்டு ஓடியவர்களும், இருந்த வீட்டை அரைவிலைக்குக் கைமாற்றியவர்களும் அநேகர். ஆகவே, இக்கேள்வியைத் தரகரின் வாய்வார்த்தைக்கு விட்டுவிடாமல் சற்று நிதானமாக ஆராய்வது பொருத்தமாகும்.

விலை எங்கே வீழ்ந்தது?

முதலில், சந்தை சரிந்தது என்று நாம் கூறுவதன் பொருள் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியை மத்திய வங்கி மிதக்க விட்டது. ஏப்ரல் 8 ஆம் திகதி கொள்கை வட்டி வீதங்கள் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தப்பட்டன. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. வங்கிகள் தமது முதன்மை வாடிக்கையாளரிடமிருந்து அறவிட்ட சராசரி வட்டி வீதம் ஆண்டிறுதியில் 27 வீதத்தைத் தாண்டியிருந்தது.

இத்தகைய சூழலில் காணி விலை ரூபாக் கணக்கில் பெரிதாக வீழ்ந்து தெரியவில்லை. பணத்தின் பெறுமதி உருகிக்கொண்டிருக்கையில் காணியை வைத்திருந்தவர்கள் அதனை இறுகப் பற்றிக்கொண்டார்கள். வீழ்ந்தது வேறு இரண்டு. ஒன்று, வாங்குவோரின் தொகை. மற்றையது, அந்த ரூபாவின் உள்ளீடு. ஒரு கோடி ரூபா பெறுமதியான வீடு என்று வைத்துக்கொண்டால், டொலர் 200 ரூபாவாக இருந்த வேளையில் அது 50 ஆயிரம் டொலர். டொலர் 360 ரூபாவானபோது அதே வீடு 28 ஆயிரம் டொலருக்கும் குறைவு. பின்னர் ரூபா 300 ஐ அண்டி நிலைகொண்டபோது அது 33 ஆயிரம் டொலர் அளவில் நின்றது. விலைப்பலகையில் எழுதிய எண் மாறவேயில்லை; மாறியது அந்த எண்ணை எவர் எட்டலாம் என்பதுதான்.

நெல்லியடியில் இதன் விளைவு தெளிவானது. இங்கு ஒரே சந்தைக்குள் இரண்டு சந்தைகள் இயங்குகின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உழைக்கும் உறவினரின் பணத்தில் தங்கியிருக்கும் சந்தை ஒன்று. உள்ளூர்ச் சம்பளத்திலும் வங்கிக் கடனிலும் தங்கியிருக்கும் சந்தை மற்றொன்று. முகப்புக் காணிகளும் பெரிய வீடுகளும் முதலாவதைச் சேர்ந்தவை. ஒழுங்கைக்குள் இருக்கும் சிறிய வீடுகள் இரண்டாவதைச் சேர்ந்தவை. நாம் உதாரணமாகக் கொண்ட குடும்பம் இரண்டாவது சந்தையில் விற்று, முதலாவது சந்தையில் வாங்க எண்ணுகிறது. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இடைவெளிக் கணக்கு

வீட்டு விலை வீழ்ந்த வேளையில் சிறிய வீட்டை விற்றுப் பெரிய வீட்டுக்கு மாறுவது இலாபகரமானது என்று பொருளியல் தெரிந்தோர் கூறுவதுண்டு. அதற்கு அவர்கள் காட்டும் நியாயம் எளிமையானது. உமது வீடு 60 இலட்சம், நீர் விரும்பும் வீடு 120 இலட்சம் என்றால் இடைவெளி 60 இலட்சம். இரண்டும் 25 வீதத்தால் வீழ்ந்தால் உமது வீடு 45 இலட்சம், மற்றையது 90 இலட்சம். இடைவெளி 45 இலட்சமாகச் சுருங்கிவிடுகிறது. விற்பதில் 15 இலட்சம் இழந்தீர். வாங்குவதில் 30 இலட்சம் மீத்தீர். ஆகவே, உமது வீட்டின் விலை குறைந்துவிட்டதே என்று கவலையுறுவது அறியாமை என்பது அவர்களின் வாதம்.

வாதம் பிழையானதன்று. எமது மக்களில் பலர் தமது வீட்டின் விலையை மட்டுமே பார்த்து, சந்தை உயர்ந்த பின்னர் விற்போம் என்று காத்திருந்து, தாம் வாங்க எண்ணிய வீடு அதைவிட வேகமாக உயர்ந்துவிட்டதைக் கண்டு ஏமாந்திருக்கிறார்கள். விற்கும் விலையையோ வாங்கும் விலையையோ தனித்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தொகையே எமது பையிலிருந்து போவது.

ஆனால், இக்கணக்கு ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது. இரு வீடுகளும் ஒரே வீதத்தில் வீழும் என்பதே அது. மேலே கூறிய இரு சந்தைகளை நினைவிற் கொண்டால் நெல்லியடியில் அந்த அனுமானம் எளிதிற் கைகூடாது என்பது புரியும். வட்டி 27 வீதத்தைத் தாண்டிய காலத்தில், உள்வளவு வீட்டை வாங்கக்கூடிய உள்ளூர் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கடன் பெற முடியாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். சந்திக்கு அண்மையிலுள்ள வீட்டின் உரிமையாளருக்கோ அவசரமில்லை. டொலரிலும் பவுணிலும் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு அது முன்னரிலும் மலிவாகத் தெரியும். எனவே, உமது வீடு 25 வீதத்தால் வீழ்ந்து 45 இலட்சமாகவும், மற்றையது 10 வீதத்தால் மட்டும் வீழ்ந்து 108 இலட்சமாகவும் நின்றால் இடைவெளி 63 இலட்சம். சந்தை வீழ்ந்த பின்னரும் இடைவெளி பெருகியிருக்கிறது. ஆதலால், பொது விதியை நம்பி இறங்காமல், உமது ஒழுங்கையில் அண்மையில் உண்மையாகவே உறுதி எழுதப்பட்ட விலை என்ன, நீர் விரும்பும் வீதியில் எழுதப்பட்ட விலை என்ன என்பதை விசாரித்தறிதல் வேண்டும். கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு.

கடனின் பாரம்

இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் கடன்தான். 50 இலட்சம் ரூபாவை 15 ஆண்டுகளில் மாதாந்தம் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டி 12 வீதமாயின் மாதத் தவணை சுமார் 60 ஆயிரம் ரூபா. வட்டி 27 வீதமாயின் அது 114 ஆயிரத்துக்கும் மேல். வீட்டு விலையில் கிடைத்த கழிவு முழுவதையும் சில ஆண்டுகளுக்குள் வட்டி விழுங்கிவிடும். விலை வீழ்ச்சியும் உயர்வட்டியும் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகளாகவே வருகின்றன என்பதை மறந்துவிடலாகாது. வீடு மலிவாவது பல வேளைகளில் பணம் விலையேறியதனால்தான்.

2023 ஜூன் முதல் மத்திய வங்கி வட்டி வீதங்களைப் படிப்படியாகக் குறைத்தது. 2024 இறுதியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் 9 வீதமளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் 27 இலிருந்து 9 வரை ஆடிய ஊசல், மீண்டும் மறுபுறம் ஆடாது என்று எவரும் உறுதி கூற முடியாது. மாறும் வட்டியில் கடன் பெறுபவர், அவ்வட்டி இரட்டிப்பானாலும் தவணையைச் செலுத்த முடியுமா என்று பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். குறைந்தது ஐந்தாண்டுக்கேனும் வட்டி மாறாதிருக்கும் கடன் கிடைக்குமானால், ஆரம்பத்தில் சற்று அதிகமாயினும் அதுவே பாதுகாப்பானது.

வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் வாசகர்களுக்கும் இது பொருந்தும். 2005 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழிதிறந்தது. 2011 இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொழிற்படத் தொடங்கியது. வங்கியும் வாடிக்கையாளரும் வீட்டைக் கூட்டாக உடைமைகொண்டு, வாடிக்கையாளர் வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் முஷாரகா முறை உலகின் பல பாகங்களிலும் பழக்கத்தில் உள்ளது. அதில் வட்டியில்லை. எனினும், வங்கியின் பங்குக்காகச் செலுத்தும் வாடகை காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யப்படுவதாயின், மாதச் செலவு உயரும் அபாயம் அங்கும் உண்டு. ஒப்பந்தத்தின் அந்தப் பந்தியை வாசிக்காமல் விடலாகாது.

வெளிநாட்டு அனுபவம்

புலம்பெயர்ந்த எமது உறவுகள் இப்பாடத்தை எமக்கு முன்னரே கற்றுக்கொண்டவர்கள். பிரித்தானியாவில் 1989 அக்டோபரில் அடிப்படை வட்டி 15 வீதத்தை எட்டியது. அதன்பின் வீட்டு விலைகள் வீழ்ந்து, தொண்ணூறுகளின் முற்பகுதியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கடன், அவர்களின் வீட்டின் பெறுமதியை விஞ்சி நின்றது. அவர்களுக்கு விற்பதும் இயலவில்லை, மாறுவதும் இயலவில்லை. ரொறன்ரோவில் 1989 இல் 2 இலட்சத்து 73 ஆயிரம் கனேடிய டொலராக இருந்த சராசரி வீட்டு விலை, 1996 இல் 1 இலட்சத்து 98 ஆயிரமாக இறங்கியது. பழைய விலையை அது மீண்டும் எட்டியது 2002 இலேயே. பதின்மூன்று ஆண்டுகள். அதே நகரில் 2022 பெப்ரவரியில் 13 இலட்சத்தைத் தாண்டிய சராசரி விலை, 2025 இல் 11 இலட்சத்துக்கும் கீழே வந்தது. நெல்லியடி வீட்டுக்கு வரும் பணத்தின் ஊற்றுக்கண்ணே அங்கு சுருங்கினால், அதன் தாக்கம் எமது முகப்புக் காணிகளையும் ஒருநாள் எட்டவே செய்யும்.

விற்று மாறுவது இலாபம் என்ற கணக்கு அங்கு ஏன் பொய்த்தது? 60 இலட்சம் வீட்டில் 40 இலட்சம் கடன் இருந்தால் சொந்தப் பணம் 20 இலட்சம். விலை 25 வீதம் வீழ்ந்தால் கடன் அப்படியே நிற்க, சொந்தப் பணம் 5 இலட்சமாகிவிடுகிறது. 90 இலட்சம் வீட்டுக்கு 5 இலட்சம் முற்பணம் கொண்டுவருபவருக்கு எந்த வங்கியும் கதவு திறக்காது. இடைவெளி சுருங்கியது உண்மை. அதைக் கடக்கும் பாலமும் உடன் இடிந்துவிட்டது.

எமது ஒழுங்கைகளில் உள்ள வீடுகளிற் பல சீதனமாகவும் முதுசமாகவும் வந்தவை. அவற்றின் மீது வங்கிக் கடன் இருப்பது குறைவு. அவ்வகையில் எமது குடும்பம் இலண்டன் குடும்பத்தைவிடப் பலமான நிலையில் இருக்கிறது. ஆனால், எமக்கு வேறொரு பொறி உண்டு. அது உறுதிக்குள் இருக்கிறது.

உறுதியும் உரித்தும்

வடமராட்சியில் ஒரு காணி விற்பனை தடைப்படுவதற்கு விலை மட்டும் காரணமாவதில்லை. பிரிக்கப்படாத பங்கு, வெளிநாட்டில் இருக்கும் சகோதரரின் கையொப்பம், பெற்றோருக்கு ஒதுக்கிய சீவிய உரித்து, காலாவதியான அற்றோணித் தத்துவம் என்று தடைகள் பல. தேசவழமையின் கீழ், பங்காளிகளுக்கும் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமையை 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் விற்ற காணி, பின்னர் வழக்குக்கு இழுபடலாம். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை நிபந்தனையாக்கியது. இது நியாயமன்று என்பது பெண்களின் நெடுநாளைய முறைப்பாடு. மனைவியின் பெயரில் உள்ள சீதன வீட்டை விற்று வாங்கும் புதிய வீட்டில் அவருடைய பங்கு எழுத்தில் இடம்பெற வேண்டும் என்பதையும் இங்கு வலியுறுத்துகிறோம். வீடு பெரிதாகும்போது பெண்ணின் உரித்துச் சிறிதாகிவிடலாகாது.

புலம்பெயர்ந்தவர் வாங்குவார் என்ற நம்பிக்கைக்கும் எல்லையுண்டு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம், விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை பெறாத உறவினர் உடன்பிறந்தோரின் பெயரில் வாங்க முனைந்து, பின்னர் அந்த உடன்பிறப்பையே இழந்த கதைகளை நாம் அறிவோம்.

வாய்ப்பேச்சையும் நம்பலாகாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட்டாலே செல்லுபடியாகும். தாள் ஒன்றில் முத்திரை ஒட்டி முற்பணம் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்கள், கொடுத்த பணத்தை மீளப்பெறவே நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். முத்திரைத் தீர்வையாக நூற்றுக்கு நான்கு ரூபா அளவிலும், நொத்தாரிசுக் கட்டணமும் தரகும் வேறாகவும் வரும் என்பதைக் கணக்கிற் சேர்த்தால், 90 இலட்சம் வீட்டுக்கு மேலும் பல இலட்சம் தேவைப்படும். இடைவெளி சுருங்கியதனால் கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

விலையும் விருப்பும்

இனி, எந்தக் கணக்கிலும் அகப்படாத ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும். 1990 அக்டோபர் 30 ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவின்பேரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் தமது வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்கள் அந்நாட்களில் விரட்டப்பட்டார்கள். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அவர்களிற் பலர், சோனகதெருவிலும் பிற இடங்களிலும் இருந்த தமது வீடு வளவுகளைக் கிடைத்த விலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மகளின் கலியாணத்துக்காக, மருந்துச் செலவுக்காக, மீளவும் போக முடியும் என்ற நம்பிக்கை அற்றுப்போனதற்காக விற்றார்கள். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 இல் அதே அக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் பல இலட்சம் பேர் கொட்டும் மழையில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தார்கள். வடமராட்சி மக்களோ 1987 மே மாதத்து இராணுவ நடவடிக்கையின்போதே வீடுகளை விட்டு ஓடிய அனுபவம் உடையவர்கள்.

அந்த நாட்களிலும் காணிக்கு ஒரு விலை இருந்தது. உறுதிகளும் முறைப்படி எழுதப்பட்டன. ஆனால், அவற்றைச் சந்தை விலை என்று கூற எமது மனச்சாட்சி இடந்தராது. விற்காமல் இருப்பதற்கு வழியில்லாத ஒருவர் பெறும் தொகை விலையன்று. அது அவருடைய துன்பத்தின் அளவு மட்டுமே. விற்பவருக்கு மறுக்கும் ஆற்றல் இருக்கும்போதுதான் விலை என்ற ஒன்று உருவாகிறது. ஆட்சியுரிமைச் சட்டத்தின் பத்தாண்டு எல்லையால் இடம்பெயர்ந்தோர் தமது காணியை இழந்துவிடாதிருக்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டதும் இந்த உண்மையை அரசு காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டமையைக் காட்டுகிறது. எழுதிக் கொடுத்த உறுதிகளை அச்சட்டம் திருப்பித் தரவில்லை.

பொருளாதார வீழ்ச்சியை வெளியேற்றத்துடன் ஒப்பிடுவது எமது நோக்கமன்று. ஒன்று துப்பாக்கி முனையில் நிகழ்ந்தது. மற்றையது சந்தையில் நிகழ்வது. ஆயினும், இரண்டிலிருந்தும் பெறும் பாடம் ஒன்றே. வீழ்ந்த சந்தையில் விற்கத் தகுதியானவர், விற்காமலும் இருக்கக்கூடியவரே. கடன்காரன் வாசலில் நிற்பதனால் விற்பவரும், வேறு வீட்டுக்கு முற்பணம் கொடுத்துத் தவணை முடியப்போவதால் விற்பவரும் விலையைத் தீர்மானிப்பதில்லை, வாங்குபவரே தீர்மானிக்கிறார்.

இதில் வாங்குபவருக்கும் ஒரு கடமையுண்டு. நெருக்கடியில் இருக்கும் அயலவரின் வீட்டை அரைவிலைக்கு வாங்குவதைச் சட்டம் தடுக்காது. ஆனால், ஒழுங்கை ஒன்றுதான். நாளையும் அதே முகத்தில் விழிக்க வேண்டும். தமிழரின் அறமும் இஸ்லாத்தின் வணிக நெறியும் பிறர் இக்கட்டை முதலாக்குவதை மெச்சியதில்லை. இரண்டு சமூகங்களும் மாறி மாறி விற்பவரின் இடத்தில் நின்றவை. அதனை மறந்தவர்களாக வாங்குபவரின் இடத்தில் நிற்கலாகாது.

எதை முதலிற் செய்வது?

நாம் ஆரம்பத்திற் கூறிய குடும்பத்துக்கு இப்பொழுது விடை கூறலாம். அவர்களுக்குப் பழைய கடன் இல்லை. இருவரின் வேலையும் நிலையானது. எனவே, மறுக்கும் ஆற்றல் அவர்களிடம் இருக்கிறது. அதனை இழக்காத வகையில் காரியத்தை நடத்துவதே முக்கியம்.

வீட்டை விற்றுவிட்டு, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விலை இன்னும் இறங்கட்டும் என்று வாடகை வீட்டில் காத்திருப்பது 2022 இல் எவ்வளவு ஆபத்தானதாயிற்று என்பதை நாம் கண்டோம். 45 இலட்சத்துக்கு விற்ற ஒருவர், 70 வீதப் பணவீக்கத்தில் ஓராண்டு காத்திருந்தால், அப்பணத்தின் வாங்கும் திறன் 26 இலட்சமளவுக்கு வந்துவிடும். வைப்பு வட்டி உயர்ந்தபோதும் அவ்வேகத்தை அது எட்டவில்லை. மறுபுறம், விற்காமலே கடன்பட்டு வாங்குவது இரண்டு வீடுகளின் பாரத்தைத் தலையில் ஏற்றுவதாகும். ஆற்றிலொரு கால், சேற்றிலொரு கால் என்ற நிலையே இரண்டிலும் உண்டு. ஆகவே, இரு உறுதிகளும் ஒரே காலத்தில், இயன்றால் ஒரே நாளில், ஒரே நொத்தாரிசின் முன் எழுதப்படுமாறு உடன்படிக்கைகளை அமைப்பதே விவேகம். எமது வீடு விற்கப்பட்டாலே வாங்கும் கடப்பாடு உண்டு என்ற நிபந்தனையைச் சந்தை சூடாக இருக்கும் காலத்தில் எந்த விற்பனையாளரும் ஏற்கமாட்டார். மந்தமான காலத்தில் ஏற்பார். வீழ்ந்த சந்தை தரும் உண்மையான சலுகை, விலைக்குறைப்பு என்பதிலும் பார்க்க, இந்த அவகாசமே. உறுதிகளை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடவும், எல்லைகளை நில அளவையாளர் கொண்டு அளக்கவும், கோடையின் இறுதியில் கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்கவும் காலம் கிடைக்கிறது. சுண்ணக்கல் நிலத்தில் உவர் ஏறிய கிணற்றுடன் கூடிய மாடிவீட்டை எந்தக் கழிவும் மலிவாக்கிவிடாது.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. இரண்டு பரப்பில் இருக்கும் வீட்டுடன் இன்னும் இரண்டு அறைகளைச் சேர்த்துக் கட்டுவது அது. முத்திரைத் தீர்வை இல்லை, தரகு இல்லை, பிள்ளைகளின் பாடசாலையும் அயலும் மாறுவதில்லை. சீமெந்து விலையும் கூலியும் உயர்ந்திருப்பினும், 45 இலட்சம் இடைவெளியுடன் ஒப்பிட்டால் பல குடும்பங்களுக்கு அது பாதியிலும் குறைவாகவே முடியும். இடம் போதாமைதான் குறையென்றால் மாறுவதைவிடக் கட்டுவது மேல். ஒழுங்கையில் வெள்ளம் நிற்பது, வழக்கில் சிக்கிய எல்லை, வேலைத்தலத்தின் தூரம் போன்று கட்டித் தீர்க்க முடியாத குறைகளுக்கே வீடு மாற வேண்டும்.

மக்கள் செய்வன இவையென்றால், அரசும் வங்கிகளும் செய்ய வேண்டியனவும் உள. நீண்டகால நிலையான வட்டியில் வீட்டுக்கடன் எளிதாகக் கிடைக்காத நாட்டில், ஒவ்வொரு குடும்பமும் மத்திய வங்கியின் முடிவுகளுடன் சூதாட வேண்டியிருக்கிறது. காணிப் பதிவகங்களில் தேடுதலை விரைவுபடுத்துவதும், உண்மையிற் கைமாறிய விலைகளைப் பொதுமக்கள் பிரதேச வாரியாக அறியச் செய்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. விலையை அறியாதவன் மறுக்கவும் அறியான். போரினால் சிதைந்து, புலம்பெயர்வினால் உரித்துகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் வடக்கில் இத்தேவை ஏனைய மாகாணங்களிலும் பார்க்க அதிகமாகும்.

சந்தை வீழும், எழும். 2022 ஐப் போன்ற ஓர் ஆண்டு மீண்டும் வராது என்று எவரும் வாக்களிக்க முடியாது. அவ்வேளையிலும் நெல்லியடி ஒழுங்கைகளில் இதே கேள்வி எழும். அப்பொழுது ஒரு குடும்பம் முதலிற் கேட்க வேண்டியது, என் வீட்டுக்கு என்ன விலை வரும் என்பதன்று. இந்த விலை பிடிக்காவிட்டால் வேண்டாமென்று கூறி, கதவைச் சாத்திக்கொண்டு, நாம் இருந்த வீட்டிலேயே இருக்க முடியுமா? முடியுமென்றால் தயங்காது பேரம் பேசலாம். முடியாதென்றால் அந்த நிலையை முதலில் மாற்றுவதே அறிவுடைமை. எமது இரு சமூகங்களும் இவ்வளவு இழந்த பின்னர் ஈட்டிக்கொண்டது அந்தக் கதவைச் சாத்தும் உரிமையைத்தான். ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக அதனை ஈடு வைக்கலாகாது.